திறந்துகூடப் பார்க்காமல் போர்டு போச்சு என்றார்கள்

மே மாதச் சென்னையில் லேப்டாப் சூடாவது பெரிய செய்தி இல்லை. அதைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் நடந்ததுதான் ஊர் திரும்பிய பிறகும் ஆறவில்லை. பயணத்தில் மற்ற எல்லாம் நன்றாகவே நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் இருக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் என் அறை 21 டிகிரியில் இருக்கும். தாம்பரத்தில் அக்கா வீட்டு மாடி அறை கத்திரி வெயிலில் 38. லேப்டாப்பின் ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வெளிக்காற்றில் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அறை 17 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அதே அளவு கூடும். அங்கே 80 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது இங்கே 97-ஐத் தொட்டது. பெரும்பாலான லேப்டாப் பிராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுவலகக் கூட்டத்தில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்டது, அப்புறம் திரை அணைந்தே போனது.

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனேன். ஏசி, சோபா, டோக்கன், எல்லாம் ஜெர்மனிபோலவே இருந்தது. இந்திய மொபைல் எண் இல்லாமல் புகாரைப் பதியவே முடியாது என்றார்கள். அக்கா எண்ணைக் கொடுத்தேன். அவள் அப்போது மின்சார ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிபியை அவள் படித்துச் சொல்லி நான் திருப்பிச் சொல்வதற்குள் அது காலாவதியானது. மறுபடியும் முதலிலிருந்து. சோதனைக் கட்டணம் 590 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து அக்காவுக்குச் செய்தி வந்தது: மதர்போர்டு பழுது, மாற்ற 34,000 ரூபாய். நேரில் போய், "என்ன பழுது, காட்டுங்களேன்" என்று கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தான் சார் காட்டுது" என்றார் கவுன்டரில் இருந்தவர். சோதித்தவரைப் பார்க்கலாமா என்றால், அவர் உள்ளே இருக்கிறார், வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை. லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கல்லூரிக் காலத்தில் பார்ட்ஸ் பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்கி, கொட்டேஷன் வாங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைக்குமேல் அதே ஒயர் பந்தல், கால்மாட்டில் அதே சாக்கடை ஈரம், நடுவில் நுழையும் அதே பைக்குகள். இத்தனை வியாபாரம் நடக்கும் இடத்தில் நிற்க ஒரு நிழல்கூட இன்னும் இல்லையே என்று கோபம் வந்தது. அதே நேரம் மனசு லேசாகவும் இருந்தது.

நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடிக் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, பெரியவர் ஒருவர், அவரிடம் தொழில் கற்கும் பையன். பெரியவர் லேப்டாப்பை ஓடவிட்டு, காற்று வெளியேறும் ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஃபேன் கத்துது, காத்து வரலை பாருங்க. இது அடைப்பு சார்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தார். அடியில் இருக்கும் ரப்பர் பட்டைக்குக் கீழேதான் இரண்டு ஸ்க்ரூ மறைந்திருக்கும். அதை நெம்பும்போது நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "இது கம்பெனியில ஒட்டினது சார். கோந்து கலையவே இல்லை. இதை எடுக்காம மூடியைக் கழட்ட முடியாது. யாரும் திறந்திருக்கவே மாட்டாங்க."

590 ரூபாய் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. திறந்துகூடப் பார்க்காத ஒரு பெட்டிக்கு மதர்போர்டு போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாளை பிள்ளைகளின் பழைய லேப்டாப்போடு அங்கே போகும் அப்பாவோ அம்மாவோ அதை நம்பிக் கடன் வாங்கியாவது கட்டுவார்கள்.

பெரியவர் முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். பையன் ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எடுத்த ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்தில் வைத்தான். ஃபேனைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் இது போகாது, இன்னும் உள்ளே போய் இறுகும் என்றார். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேகமாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடுமாம். பிராசசரின் சூட்டை ஹீட் சிங்க் என்ற உலோகப் பகுதிக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களை அதில் அச்சிட்டிருந்த எண் வரிசைப்படி முடுக்கினார்.

அதே வேலையை மறுபடி கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். அந்தப் புழுக்கத்திலும் 76 டிகிரியைத் தாண்டவில்லை. கூலி 800 ரூபாய். பில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. கேட்ட பிறகுதான் கடை முத்திரை வைத்தார். இதை மட்டும் ரிச்சி தெரு மாற்றிக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் இப்படி நம் கண்முன்னாலேயே திறந்து செய்ய வேண்டுமென்றால் ரிப்பேர் கஃபேதான் வழி. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஏற்பாடு அது, இப்போது எங்கள் ஊரிலும் உண்டு. தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் செய்வார்கள். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதற்கும் முன்பதிவு. ரிச்சி தெருவில் அது தினப்படித் தொழில், ஒரு பையன் அதைக் கற்றுக்கொண்டு வளர்கிறான். இதைத்தான் நம் ஊர் விட்டுவிடக் கூடாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சோதனைக் கட்டணம் வாங்கினால், மூடியைத் திறந்து எடுத்த படத்தையும் ரசீதோடு தர வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.