மூன்று குறுநீர்மூழ்கிகள்: ஃபிரெடரிக்ஸ்பர்க், எடாஜிமா, கான்பெரா

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கடற்படை ஏவிய ‘ஏ’ வகைக் குறுநீர்மூழ்கி ஏறத்தாழ 24 மீட்டர் நீளமும் 46 டன் எடையும் கொண்டது. பெரிய நீர்மூழ்கியின் முதுகில் சுமந்து வரப்பட்டு இலக்கின் அருகே விடுவிக்கப்பட்ட அதற்குள், இரு வீரர்களும், நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் டார்பிடோக்கள் இரண்டும் மட்டுமே இருக்க முடியும். எஞ்சியவற்றுள் மூன்றை ஒப்பிட்டால், எது முழுமையாக நிற்கிறது என்பதும் எது தன் வரலாற்றை மறைக்காமல் நிற்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பது புலப்படும்.

முழுமை என்று பார்த்தால், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரின் பசிபிக் போர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘ஹா-19’க்கே முதலிடம். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் புறப்பட்ட ஐந்தில் ஒன்றான இது, திசைகாட்டி பழுதானதால் வழிதவறி ஹவாயின் ஓவாஹுத் தீவின் கிழக்குக் கரையில் தரைதட்டியது. உடன் வந்தவர் இறந்துவிட, அதிகாரி கசுவோ சகாமாகி அமெரிக்கரிடம் சிக்கிய முதல் ஜப்பானியப் போர்க்கைதியானார். மாண்ட ஒன்பது பேரையும் போர்த் தெய்வங்கள் என்று போற்றிய ஜப்பான், உயிர் பிழைத்த இவரை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. படகுக்கு வாய்த்ததோ விளம்பர வேலை: போர்க்கடன் பத்திரங்களை விற்பதற்காக அது அமெரிக்கா முழுவதும் ஊர்வலம் சென்றது, உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக அதன் உடலில் சாளரங்களும் வெட்டப்பட்டன. ஆகவே அதன் முழுமை வெளித்தோற்றத்தின் முழுமையே. 1991-ல் அதன் முன் மீண்டும் நின்ற சகாமாகி கண்ணீர் விட்டார் என்பர்.

ஜப்பானின் எடாஜிமாவில் உள்ளதும் பேர்ல் ஹார்பருக்குச் சென்றதுதான். 1960-ல் ஹவாய்க் கடலடியில் கண்டெடுக்கப்பட்டபோது அதனுள் வீரர்களின் உடல் எச்சம் எதுவும் இல்லை. டார்பிடோக்கள் இருந்த முகப்புப் பகுதி அகற்றப்பட்ட பின்பே அது ஜப்பானுக்கு அனுப்பப்பட்டதால், இன்று காணும் முகப்பு அங்கே புதிதாகச் செய்து பொருத்தப்பட்டது. அதிகாரிகளை உருவாக்கிய பழைய கடற்படைக் கல்லூரி வளாகத்தில் அது நிற்பது பொருத்தமே. ஆயினும் மெருகேற்றப்பட்ட அந்தத் தோற்றம் நினைவுச் சின்னமாகிறதே தவிரச் சான்றாகவில்லை.

என் தேர்வு, ஒட்டுப்போட்டது என்று பலரும் தள்ளிவிடக்கூடிய கான்பெராப் படகுதான். 1942 மே 31 இரவு சிட்னித் துறைமுகத்தில் மூன்று குறுநீர்மூழ்கிகள் நுழைந்தன. ஒன்று தடுப்பு வலையில் சிக்கித் தன்னைத்தானே வெடித்துக்கொண்டது; மற்றொன்று ஆழ்நீர்க் குண்டுகளால் வீழ்ந்தது; மூன்றாவது ஏவிய டார்பிடோ ‘குட்டபுல்’ என்ற கப்பலை மூழ்கடித்து 21 மாலுமிகளைக் கொன்றது. மீட்கப்பட்ட முதலிரண்டில் ஒன்றின் முன்பகுதியையும் மற்றதன் பின்பகுதியையும் இணைத்ததே ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ள படகு. இதுவும் நிதி திரட்ட ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டதுதான். ஆனால் உடைந்தவை உடைந்தவையாகவே தெரிகின்றன. அவற்றில் இறந்த நால்வருக்கும் பகைநாடே கடற்படை மரியாதையுடன் இறுதிச்சடங்கு செய்து, சாம்பலை ஜப்பானுக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவரான மாட்சுவோவின் தாய் 1968-ல் ஆஸ்திரேலியா வந்து இதைக் கண்டார்.

தப்பிய மூன்றாவது படகைப் பொழுதுபோக்கு முக்குளிப்போர் 2006-ல் சிட்னிக்கு வடக்கே கடலடியில் கண்டனர். அதை மேலே தூக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட சிதைவாக அது அங்கேயே கிடக்கிறது.