காற்றைப் பச்சையாய்ப் பார்த்த மூன்று வருடம்

பாலிடெக்னிக் பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்காக, காட்பாடி வீட்டு மாடியில் நான் கட்டிய விண்ட் டனலுக்கு மூன்று வயது. ஒரு பொருளைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பெட்டி அது; காற்றோடு புகையை விட்டு, லேசர் வெளிச்சத்தில் பார்ப்போம். பிளைவுட் பெட்டி, பின்னால் இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், காற்று நேராக வர வாய்ப்பக்கம் ஜூஸ் ஸ்ட்ராக்களை அடுக்கி ஒட்டிய தேன்கூடு. முன்பக்கமும், மேலே ஒரு பட்டையும் கண்ணாடி.

மேல் கண்ணாடி வழியாக அடிக்கும் லேசர், 200 மில்லிவாட் பச்சை, 532 நானோமீட்டர். புகையின் ஒரு குறுக்குவெட்டு மட்டும் தெரியும்படி கதிரைத் தகடாக விரிக்க லென்ஸ் வாங்கவில்லை. கெமிஸ்ட்ரி லேபில் கலக்குகிற கண்ணாடிக் குச்சியைக் குறுக்கே வைத்தாலே விசிறியாக விரிகிறது.

20 மில்லிமீட்டர் பைப்பைக் குறுக்கே படுக்க வைத்து, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று விட்டால், பைப்புக்குப் பின்னால் புகை மேலும் கீழும் மாறி மாறிச் சுருண்டு கழல்கிறது. கார்மன் சுழல் வரிசை. கணக்குப்படி நொடிக்கு ஏறக்குறைய 10 சுற்று. மொபைலில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் சுற்றுக்கு மூன்றே படம், வெறும் கலங்கல். 240 ஃபிரேமில்தான் சுருள் சுருளாய்த் தெரிந்தது. அதற்கு ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்ட வேண்டியிருந்தது. பைப்புக்கு அடியில் விழுந்த நிழல், லேசரை ஃபேன் பக்கம் தள்ளிச் சாய்த்ததும் காற்று வரும் பக்கம் போய்விட்டது.

ஊதுபத்தியில்தான் ஆரம்பித்தோம். சூட்டுப் புகை மேலே ஏறிக் கோடு வளைந்துவிடும். அப்புறம் கல்யாண மண்டபத்து ஃபாக் மெஷின். புகை அருமை, ஆனால் கண்ணாடியில் பிசுபிசுப்பு; வாரம் ஒரு முறை துடைக்காவிட்டால் எல்லாம் மங்கல். நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் எங்கள் டனலில் எந்தப் புகையும் கலைந்துவிடுகிறது.

பெரிய குறை, வேலூர் வெயில். மே மாத மதியம் ஷீட் கூரையின் கீழ் லேசர் பாதியாய் மங்கும். விற்றவர் "அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். உள்ளே இருக்கும் டயோடு சூடானால் அதன் அலைநீளம் நகர்கிறது, அந்த ஒளியை வாங்கிப் பச்சையாக்க உதவும் படிகம் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை, பச்சை குறைகிறது. கம்ப்யூட்டர் ஃபேனும் அலுமினியத் துண்டும் பொருத்தினேன். இப்போது காலை 11 மணி வரை தாங்குகிறது.

ஒரு நாள் பளபளக்கும் ஸ்க்ரூ தலையில் பட்டுத் தெறித்த கதிர், ஒரு பையனின் காதோரம் சுவரில் பச்சைப் புள்ளியாய் நின்றது. அன்று மாலையே ஸ்க்ரூவுக்கெல்லாம் கரும்பலகைப் பெயிண்ட் அடித்தேன். மலிவு லேசரில் கண்ணுக்குத் தெரியாத 808, 1064 நானோமீட்டர் கதிரும் கசியலாம். பச்சையோடு அவற்றையும் தடுக்கும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடிதான் வாங்க வேண்டும். அதைப் போட்டதும் பச்சைப் புகையே மறைந்துபோகும். பிள்ளைகள் இப்போது டனலுக்கு முதுகு காட்டி, மொபைல் திரையில்தான் காற்றைப் பார்க்கிறார்கள்.