கடலில் இரண்டு மணிநேரம், கரையில் ஆறு மணிநேரம்: பீச்சா, பூங்காவா, ஊரா?

கோடையில் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடுகிற மாதிரி ஒரு கடலோரப் பயணம் என்று பேச்செடுத்தால் போதும், வீட்டில் மூன்று கட்சி முளைத்துவிடும். பிள்ளைகளுக்கு பீச்தான் வேண்டும். பெரியவர்களுக்கு நிழலும் உட்கார ஒரு பெஞ்சும் இருக்கிற கடலோரப் பூங்கா. நடுவயதில் இருக்கிற யாராவது ஒருவர், "பேசாமல் ஏதாவது பழைய துறைமுக ஊருக்குப் போவோமே, கடலையும் பார்த்த மாதிரி ஆச்சு, ஊரையும் சுற்றின மாதிரி ஆச்சு" என்பார். மூன்றுக்கும் போய் வெயிலில் வெந்து வந்தவன் என்கிற தகுதியில் சொல்கிறேன்: போய்ச் சேர்ந்த பிறகு கையில் இருப்பது எட்டு மணிநேரம் என்று வைத்துக்கொண்டால், அதில் உடம்பு தண்ணீரில் கிடப்பது மிஞ்சிப்போனால் இரண்டு மணிநேரம். மீதி ஆறு மணிநேரமும் கரையில்தான். எந்த இடம் தேவலாம் என்பதை அந்த ஆறு மணிநேரம்தான் முடிவு செய்கிறது, கடல் இல்லை.

முதலில் வெயில். இதில் பீச் படுதோல்வி. காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை புற ஊதாக் கதிர்கள் உச்சத்தில் இருக்கும், நாம் குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு போய் இறங்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான். குடைக்குக் கீழே இருக்கிறோமே என்று நினைத்தால் அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் இருக்குமாம். அதனால் சன்ஸ்கிரீனை ஒரு தடவை பூசியதோடு விட்டுவிடக் கூடாது, இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவையும் குளித்துக் கரையேறும் ஒவ்வொரு தடவையும் பூசத்தான் வேண்டும்.

மணல் சூடு தனிக் கதை. ஒருமுறை காலை எட்டு மணிக்குச் செருப்பைப் பையோடு மேலே விட்டுவிட்டு ஜாலியாகத் தண்ணீருக்கு இறங்கினேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பும்போது இடையில் நாற்பது அடி உலர்ந்த மணல். இரண்டு துண்டை வைத்துக்கொண்டு, ஒன்றை விரித்து அதில் ஏறி நின்று, அடுத்ததை முன்னால் வீசி அதற்குத் தாவி, பின்னால் கிடந்ததை எடுத்து மறுபடி முன்னால் வீசி, ஒருவழியாகச் செருப்புக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்துக் குடைக்காரர்களுக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு. அதற்கப்புறம் செருப்பு ஈர மணல் தொடங்கும் இடம் வரைக்கும் என்னோடு வரும்.

பூங்கா இந்த விஷயத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் எல்லாப் பூங்காவும் இல்லை. உப்புக்காற்று நேராக அடிக்கிற இடத்தில் மரம் உயர்ந்து வளராது, குட்டையாகக் குனிந்து நிற்கும். சில இடங்களில் பூங்கா என்று பெயர்தான், உள்ளே பார்த்தால் புல்தரையும் நடைபாதையும் மட்டும். கிளம்புவதற்கு முன் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கரும்பச்சைத் திட்டுகள் இருந்தால் மரம், வெளிர்ப் பச்சையாக இருந்தால் புல். புல் உங்களுக்கு நிழல் தராது. கடலோர ஊர் இதில் சத்தமில்லாமல் முதலிடம் பிடித்துவிடும். குறுகிய தெருக்கள், சுவரின் நிழல், உள்ளே நுழைந்துகொள்ள ஒரு அருங்காட்சியகம், ஒரு சந்தை, உட்கார ஒரு திண்ணையாவது இருக்கும். அதற்கு விலை, கடல்காற்று அந்தச் சந்துகளுக்குள் வராது. பிற்பகல் இரண்டு மணிக்குப் புழுக்கம் தாங்காமல் மறுபடி கடற்கரைச் சாலைக்கே வந்து நிற்போம்.

காற்றைச் சொல்ல வேண்டும். வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நிலத்தின் மேல் காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. முற்பகலில் தொடங்கி, பிற்பகலில்தான் வலுக்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் அமைந்த பூங்காவில் இது சொர்க்கம். பீச்சில் பாதி வரம், பாதி சாபம். காலையில் அசையாமல் நின்ற குடை மூன்று மணிக்குப் பறக்கும், அதன் கம்பி யார்மேல் பாயும் என்று சொல்ல முடியாது. கம்பியை ஆழமாக இறக்கி, குடையைக் காற்று வரும் பக்கம் சாய்த்து வையுங்கள். காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசுகிற நாளாக இருந்தால் பிள்ளைகளுக்குக் காற்றடித்த மிதவை எதையும் கொடுக்காதீர்கள், அது ஆளோடு உள்ளே போய்விடும்.

அடுத்தது, பலர் பார்க்கவே பார்க்காத ஒன்று: கடல் ஏற்றமும் வற்றமும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம், அதனால் நேற்றைய நேரம் இன்றைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். இடத்துக்கு இடம் இது ஏகமாக மாறும். மத்தியதரைக் கடலின் பல கரைகளில் வித்தியாசமே தெரியாது, கனடாவின் ஃபண்டி வளைகுடாவிலோ 16 மீட்டர் வரை போகும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் மூன்று இடங்களின் தரவரிசையே அன்றைக்கு அன்றைக்கு மாறுவது புரியும். கடல் வற்றிய நேரத்தில் பாறைக்கரை உள்ள பூங்காவுக்கு ஈடு எதுவும் இல்லை. குழிகளில் தேங்கிய நீரில் நண்டும் நத்தையும் கடல் சாமந்தியும் கிடக்கும், பிள்ளைகள் குனிந்தால் ஒரு மணிநேரத்துக்கு நிமிர மாட்டார்கள் (புரட்டிய கல்லைப் பழையபடி வைக்கச் சொல்லுங்கள், அடியில் ஒரு குடும்பம் இருக்கிறது). அதே நேரத்தில் துறைமுக ஊரைப் பாருங்கள். சேறும் நாற்றமும், படகுகள் எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஏற்றத்தில் போனால் அதே ஊர் படம்போல இருக்கும். பீச்சில் ஏற்றம் என்றால் உட்கார இடம் குறையும். வழவழப்பான ஈர மணல் வசதியாக இருக்கிறதே என்று ஒருதடவை அங்கேயே விரிப்பைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தோம், எழுப்பியது கடல்தான். பையும், பையிலிருந்த மாற்றுத்துணியும் காலி. பாசியும் சிப்பியும் ஒதுங்கி ஒரு கோடாகக் கிடக்கும் பாருங்கள், போன ஏற்றத்தில் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். விரிப்பு அதற்கு மேலே.

குளிப்பதற்கு மட்டும் என்றால் பீச்சுக்குப் போட்டியே இல்லை, அதுவும் உயிர்காப்பாளர்கள் இருக்கிற பீச். பல நாடுகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம் என்று பொருள். ஒற்றைச் சிவப்புக் கொடிக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுவதால் அங்கே இருக்கிற பலகையைப் படித்துவிடுங்கள். அலை உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரிகிற ஒரு பட்டையில் இறங்கலாம் என்று தோன்றும், பெரும்பாலும் அதுதான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் வரை போகக்கூடும், ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து வர முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதாமல் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டுங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். பூங்காவின் பாறை ஓரத்திலும் ஊரின் படகுத்துறையிலும் இறங்கிக் குளிக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

போய்ச் சேருவதில் ஊர்தான் சுலபம். பல கடலோர ஊர்கள் ரயிலால் வளர்ந்தவை. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841லேயே ரயில் வந்துவிட்டது, இன்றைக்கும் ஸ்டேஷனிலிருந்து நடந்தே கடலுக்குப் போகலாம் (போனால் மணல் இருக்காது, கூழாங்கல்தான், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). பூங்காக்கள் பல, கார் வந்த பிறகு உருவானவை. நியூயார்க் மாநிலத்தில் 1929இல் திறந்த ஜோன்ஸ் பீச் பூங்காவை காரில் வருகிறவர்களை மனதில் வைத்தே கட்டினார்கள். கார் இல்லாவிட்டால் இந்த ரகம் கஷ்டம். ஆனால் கழிப்பறை, குடிதண்ணீர், உப்பைக் கழுவிக்கொள்ளக் குழாய் என்று பார்த்தால் பராமரிக்கப்படும் பூங்காதான் என்றைக்கும் மேல். நான்கு வயதுப் பிள்ளையோடும் எழுபது வயது அம்மாவோடும் போகிறவருக்கு இந்த ஒரு வரியே போதும்.

ஆக என் கணக்கு இது. வயது கலந்த குடும்பமா, மரம் இருக்கிற பூங்கா, கடல் வற்றும் நேரம் பார்த்து. இரண்டு பேர் மட்டுமா, ஊர். நீச்சல் பைத்தியமா, பீச், ஆனால் காலை ஆறரைக்குக் கால் நனைந்திருக்க வேண்டும், பத்துக்கு மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் காலையில் பீச், வெயில் ஏறியதும் ஊர், நாலரைக்கு மேல் மறுபடி பீச் என்று பிரித்துக்கொள்வேன். அந்தக் கரை கிழக்கு பார்த்ததாக இருந்தால் மாலை வெயில் முதுகுப்பக்கம் போய்விடும், பின்னால் இருக்கும் மரங்களின் நிழல் நீண்டு மணலுக்கே வரும். மேற்கு பார்த்த கரையில் சூரியன் மறையும்வரை கண்ணைக் கூசிக்கொண்டுதான் உட்கார வேண்டும், ஆனால் மறைகிற அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகப் பிள்ளைகள் கட்சியோடு நானும் சேர்ந்துகொண்டு, வண்டிச் சாவியை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.