மொட்டை மாடிக்கு ஓடு பதிப்பதற்கு முன் நீர் வடியும் வாட்டத்தைப் (சரிவைப்) பாருங்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி 600 சதுர அடி. அப்பா கட்டிய காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம் ஓடுகள் அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. மழை விட்டு இரண்டு நாளானாலும் அங்கே நீர் நிற்கும்.

இந்தச் சித்திரையில் ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்தோம். வெள்ளை கூல் டைல்ஸ் ஒன்றை உச்சி வெயிலில் வைத்து, கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுடவே இல்லை. அதில்தான் நான் விழுந்தேன். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் எங்கள் தொல்லை வெயில் அல்ல, தேங்கும் தண்ணீர்.

"பழைய தட்டோட்டை எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "எடுத்தால் தளம் அதிரும் சார், மேலேயே ஒட்டிவிடலாம். பள்ளத்தைக் கலவையால் நிரப்பிவிடுகிறேன்" என்றார். ஒரு அங்குலக் கனத்துக்குக் கலவை போட்டால் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. மாடி முழுவதற்கும் 3 டன். பழைய தளத்தின் தலையில் இத்தனை பாரமா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வேலை முடிந்த அன்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். சரசரவென்று மழைநீர் வடியும் குழாய்க்குள் போனது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். அவர் ஊற்றிய இடம் குழாய் வாயிலிருந்து இரண்டடி கூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஐப்பசி மழையில் அதே பள்ளத்தில் அதே குளம். ஓட்டு இடுக்குகளில் அடைத்திருந்த வெள்ளை சிமெண்ட் மயிரிழையாக வெடித்து, நீர் உள்ளே இறங்கியது. அம்மா படுக்கும் அறையில் உட்கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது; துருப்பிடித்த கம்பி தெரிகிறது. நல்லவேளை, அம்மா அப்போது சமையலறையில் இருந்தார். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்து நாணயத்தால் ஓடுகளைத் தட்டினார். பாதிக்கு மேல் 'டொக் டொக்' என்று வெறுமையாக ஒலித்தன; அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு ட்யூப் மட்டம் பிடித்தார்; தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து இரண்டு இடங்களின் உயரத்தை ஒப்பிடுவது அது. மாடியின் நடுவைவிடக் குழாய் வாய் அரை அங்குலம் உயரம்! பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாய்ப் பக்கம் சரிவு வேண்டுமாம். ஒப்பந்தக்காரரை அழைத்தால், உத்தரவாதத் தாளின் கடைசி வரியைப் படிக்கச் சொல்கிறார்: பழைய தளத்துக் கசிவுக்கு அவர் பொறுப்பில்லையாம்.

ஓடு எந்த நிறம், எந்த வகை என்று பார்ப்பதற்கு முன் மட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டின் மேலேயே ஒட்டலாம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஓடு பதிப்பதற்கு முன்பே குழாய் வாயை அடைத்து, மாடியில் நீர் தேக்கி, இரண்டு நாள் கீழே கசிகிறதா என்று பாருங்கள். ஓடு பதித்த பிறகும் மூலைக்கு மூலை நீங்களே தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

தை பிறந்ததும் எல்லாவற்றையும் உடைத்தெடுக்கிறோம். அதுவரை மாடியில் தார்ப்பாய். அம்மாவுக்குக் கூடத்தில் படுக்கை.