நர்ஸ் என்று சொல்லி யாரை அனுப்புகிறார்கள்? திருச்சியில் எங்களுக்கு நடந்தது

போன தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, விழுங்கவும் முடியவில்லை. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு மூக்கில் ஒரு டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப் இரண்டோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் அன்று ஒரு சிஸ்டர் பத்து நிமிஷம் நின்று எல்லாம் சொன்னார், அம்மாவுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி வேறு. நான் வேலைக்குப் போயாக வேண்டும். அந்தப் பதற்றத்தில்தான் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் நீட்டிய கார்டைப் பார்த்து ஒரு ஹோம் நர்ஸிங் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

பேசியவர் அவ்வளவு அன்பாகப் பேசினார். "கவலையே படாதீங்கம்மா, ஜிஎன்எம் முடிச்ச நர்ஸ், ஐசியூல வேலை பார்த்தவங்க, டியூப் ஃபீடிங் எல்லாம் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார். 24 மணி நேரமும் வீட்டில் தங்கிப் பார்க்க மாதம் 27,000, அதை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும், பதிவுக் கட்டணம் தனியாக 3,000. ஜிபேயில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், பணம் போனது ஏஜென்சி கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. ரசீது கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி, "பணம் வந்தது மேடம்", அவ்வளவுதான். அப்போதே பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். அப்பாவைத் தூக்கிப் படுக்க வைக்க ஆள் வந்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள் வந்த பெண்ணுக்கு 22 வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். வந்ததும் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?" பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்தோம். சுத்தமாக இருந்தாள், அப்பாவிடம் பிரியமாகப் பேசினாள், அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஒன்பதாம் நாள் அம்மாதான் ஏதோ வாடை வருகிறது என்றாள். அப்பாவை ஒருக்களித்துப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து நடுவில் கறுத்துப் போயிருந்தது. படுக்கைப் புண். அப்பாவுக்குக் காற்று மெத்தை போட்டிருந்தோம். அது இருந்தால் புண் வராது என்று ஏஜென்சியில் அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மெத்தை இருந்தாலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றிப் படுக்க வைத்தே ஆக வேண்டும், ராத்திரியிலும். அப்பா ஒன்பது நாளும் பெரும்பாலும் மல்லாக்கவேதான் கிடந்திருக்கிறார்.

அதற்கு இரண்டாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு, மூச்சு வாங்கல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் முதலில் கேட்டது, கஞ்சி கொடுக்கும்போது தலையை எவ்வளவு உயர்த்துகிறீர்கள் என்பதுதான். டியூபில் கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டுமாம். அந்தப் பெண் அப்பாவைப் படுத்த வாக்கிலேயே விட்டு, கஞ்சியைச் சிரிஞ்சில் வைத்து வேகமாக அழுத்தியிருக்கிறாள். உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியா. மறுபடி ஆறு நாள் ஆஸ்பத்திரி, 84,000 ரூபாய், அப்பா பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அவள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் வேலைக்குப் போனவள். ஏஜென்சியில் ஒரு வாரம் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் பயிற்சி. கேட்டால் ஜிஎன்எம் என்று சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் சம்பளம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காலையில்தான் தஞ்சாவூரில் வேறொரு வீட்டை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள், அங்கே நாற்பது நாள், ஒரு நாள் கூட லீவு இல்லாமல். நாங்கள் கொடுத்த 27,000இல் அவளுக்கு 12,000. அவளுடைய அசல் மார்க் ஷீட் அவர்கள் பீரோவில் இருக்கிறது. எங்களை ஏமாற்றியவர்கள் எங்களுக்கு முன்னாலேயே அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். தூங்காத ஒரு பிள்ளையை, ஒன்றும் தெரியாத பிள்ளையை, ஓர் உயிரைப் பார்த்துக்கொள் என்று அனுப்புகிறவர்களை என்ன சொல்வது!

ஏஜென்சியில் கேட்டால் அன்பாகப் பேசிய அதே ஆள், "நாங்க ஆள் ஏற்பாடு பண்ணித் தர்றவங்க மட்டும்தான், பேஷன்ட்டுக்கு நாங்க பொறுப்பில்ல, வேணும்னா வேற ஆள் மாத்தித் தர்றோம்" என்கிறார். பணம் திரும்பக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே, இப்போது ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஜிஎன்எம் என்பது மூன்று வருட நர்ஸிங் படிப்பு, ஏஎன்எம் இரண்டு வருடம், படித்தவருக்குப் பதிவு எண் இருக்கும். எல்லா வீட்டுக்கும் நர்ஸ் தேவையில்லை, குளிப்பாட்ட, திருப்பிப் போட நல்ல அட்டெண்டர் போதும், ஆனால் அட்டெண்டரை அட்டெண்டர் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும், டியூப் இருக்கிற நோயாளி என்றால் அந்த வேலை தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். வருகிறவர் இதற்கு முன் எந்த வீட்டில் இருந்தார், எப்போது கடைசியாகத் தூங்கினார், கையில் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்று அவரிடமே கேளுங்கள். முதல் ஃபீடிங்கை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். யூரின் பையைக் கட்டில் மேல் வைக்கிறாரா, கீழே தொங்கவிடுகிறாரா என்று பாருங்கள், பை எப்போதும் நோயாளியின் அடிவயிற்றில் இருக்கிற மூத்திரப்பையைவிடத் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. முழு மாதப் பணத்தை முதல் நாளே கொடுக்காதீர்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

எங்களுக்கு யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் (வலியையும் அவதியையும் குறைக்கிற கவனிப்பு) பிசியோதெரபியும் அதில் உண்டு, இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னோம், ஒரு சிஸ்டர் வந்தார். புண்ணைக் கட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போகவில்லை, அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து அவள் கையாலேயே எல்லாவற்றையும் செய்ய வைத்தார். தினமும் வர அவரால் முடியாது, பார்க்க வேண்டிய வீடுகள் நிறைய. ஆனால் அந்த மூன்று வருகையில் அம்மா கற்றுக்கொண்டது 30,000 ரூபாய்க்குக் கிடைக்காதது.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் மார்க் ஷீட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, அதையும் எப்படி வாங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பாவின் புண் பாதியாகச் சுருங்கியிருக்கிறது.