மட்டாஞ்சேரியில் சாரா கோஹனின் பூத்தையல் கடை

கொச்சி மட்டாஞ்சேரியில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்களின் ஆலயத்துக்குப் போகும் குறுகிய தெருவில், யூதர்களின் ஆறுமுனைச் சின்னமான தாவீதின் நட்சத்திர வடிவில் சன்னல் கம்பிகள் அமைந்த ஒரு பழைய வீட்டின் முன்னறையில் 'சாராஸ் ஹேண்ட் எம்பிராய்டரி' என்ற கடை இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய சாரா கோஹன் 2019 ஆகஸ்ட் 30 அன்று தமது 96ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்த பிறகு அங்கே சென்று துணி வாங்கி வந்தவன் என்ற முறையில் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். ஆனால், அங்குள்ள தையல் முழுவதும் அவருடைய கைப்பழக்கத்தின் வழி வந்தது என்பதால், அவரை விட்டுவிட்டுக் கடையை மட்டும் எடை போட என்னால் இயலவில்லை.

அவர் உயிரோடு இருந்தபோதும் ஒருமுறை அந்தப் படியேறியிருக்கிறேன். பூப்போட்ட நைட்டியும் தலையில் பூவேலை செய்த கிப்பா என்ற யூதர்களின் சிறு வட்டத் தொப்பியுமாகச் சன்னலோரம் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத அவரை ஊரார் சாரா ஆன்ட்டி என்றே அழைத்தார்கள். எனக்கோ பார்த்த கணத்தில் பாட்டி என்றுதான் தோன்றியது. 1948இல் இஸ்ரேல் உருவான பின் உற்றார் உறவினர் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலும் விமானமும் ஏறிவிட, தாம் பிறந்த கொச்சியை விட்டு நகர மாட்டேன் என்று கடைசிவரை அந்தத் தெருவிலேயே வாழ்ந்த மனத்திண்மை அவருடையது.

இனி, வாங்கிய பொருளுக்கு வருகிறேன். கடையில் கிப்பா, மேசை விரிப்பு, கைக்குட்டை எனப் பலவும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது, யூதர்கள் ஓய்வுநாளுக்குச் சுடும் ஹல்லா ரொட்டியை மூடும் துணி. வெள்ளிக்கிழமை மாலை சூரியன் சாயும்போது அவர்களின் ஓய்வுநாள் தொடங்குகிறது. வீட்டுப் பெண் விளக்கேற்றுகிறார். மேசைமேல் பின்னல்போல் முறுக்கிச் சுட்ட இரண்டு ரொட்டிகள் வைக்கப்படுகின்றன. பாலைவனத்தில் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் முன்னோருக்கு இரட்டைப் பங்காகக் கிடைத்ததாக வேதம் சொல்லும் மன்னா என்ற வானத்து உணவின் நினைவாகவே அந்த இரண்டு. வழக்கமாக ஆசி முதலில் ரொட்டிக்குத்தான். அன்று திராட்சரசம் முந்திக்கொள்வதால், ரொட்டி மனம் நோகாதிருக்க அதன்மேல் துணி போர்த்துகிறார்கள் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஒரு ரொட்டியின் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற சமயத்தின் மென்மை என்னை மிகவும் நெகிழ்த்தியது. அத்தகைய துணியை ஏனோதானோவென்று தைக்க யாருக்குத்தான் மனம் வரும்?

வீட்டுக்கு வந்ததும் துணியைப் புரட்டிப் பார்த்தேன். பூத்தையலின் தரத்தை முன்பக்கத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது; பின்பக்கம்தான் தைத்தவரின் பொறுமையைக் காட்டிக்கொடுக்கும். இதில் நூல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவி ஓடவில்லை; முடிச்சுகள் தையலுக்கு அடியிலேயே அடங்கியிருந்தன; எபிரேய எழுத்துகளின் வளைவுகளில் இழை விறைக்கவோ தொய்யவோ இல்லை. அதே ஊரில் வேறொரு கடையில் முன்பு கைவேலை என்று சொல்லி என்னிடம் விற்கப்பட்ட ஒரு துணி, இரண்டாம் துவைப்பில் சாயம் இறங்கி, இயந்திரத் தையல் என்பது பிரிந்த நூலில் தெரிந்துபோனது. ஆகவே சாராவின் கடைத் துணிக்குக் கொடுத்த பணம் முழுக்கத் தகும் என்று தயங்காமல் சொல்வேன்.

இந்தக் கைப்பழக்கம் அவரோடு போய்விடாமல் காத்தவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் அன்பர். சிறுவனாக யூதத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொருள் விற்றுக்கொண்டிருந்த அவருக்குச் சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன் தம் வீட்டில் சரக்கு வைக்க இடம் கொடுத்தார். ஜேக்கப் இறக்கும் முன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்; கொடுத்த வாக்கைத் தாஹா இருபது ஆண்டுகள் காப்பாற்றினார். யூதச் சமயச் சின்னங்களை ஒரு முஸ்லிமின் கைகள் இவ்வளவு மரியாதையோடு எடுத்து விரித்துக் காட்டுவதைக் காணவே அந்தக் கடைக்கு ஒருமுறை போகலாம்.

தெருவின் முனையில் உள்ள ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. சீனத்திலிருந்து வந்த, கையால் வரைந்த நீலநிறத் தரையோடுகளை எல்லாரும் பார்க்கிறார்கள். தமிழ் வாசகர்கள் அங்கே நினைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு: ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யூத வணிகத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழுத் தகுதியும் 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு. நம் கல்வெட்டுகளில் பழகிய வட்டெழுத்தில் பொறித்தது அது. குடையும் பல்லக்கும் பெற்ற அந்தப் பழைய சமூகத்தின் தொடர்ச்சியாகத்தான் பரதேசி யூதர்கள் தங்களைக் கருதிவந்தார்கள். சாரா இறந்தபோது அவர்களில் கொச்சியில் எஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

போக விரும்புகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஆலயம் அன்று பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. காலையிலேயே சென்றால் தெருவில் கூட்டம் சேரும் முன் நிதானமாகத் துணிகளைப் பார்க்கலாம். நான் வாங்கிய துணி இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், என் பாட்டியின் சேலைக்கு மேலே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.