உடாங் லீப்பானுக்கு ஏர்கோன்: மாண்டிஸ் இறாலுடன் இரண்டு வருடம்

கோலா சிலாங்கூர் பக்கத்து ஆட்களிடம் உடாங் லீப்பான் என்று சொன்னால் சாப்பாட்டு ஞாபகம்தான் வரும். பூரான் மாதிரி உடம்பு என்பதால் மலாயில் அந்தப் பெயர். அந்த வகையைச் சேர்ந்த மயில் மாண்டிஸ் இறாலை, சுற்றிலும் செம்பனை நிற்கும் பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) இரண்டு வருடமாக வளர்க்கிறேன். பால்மரம் வெட்டி ஓய்ந்த என் பாட்டி முதல் நாளே கேட்டார்: “இதை எப்பய்யா கறி வைக்கப் போறே?”

வாங்கும்போது எனக்கு இருந்த ஒரே பயம் கண்ணாடி. இந்த இனம் முன்னங்காலை மடக்கி வைத்துக் குத்துச்சண்டைக்காரன் மாதிரி அடிக்கும். வேகம் வினாடிக்கு 23 மீட்டர் வரை போகும் என்று 2004-இல் அளந்திருக்கிறார்கள். அடிக்கும் வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது உடையும்போது இரை இரண்டாவது அடியும் வாங்கும். 1998-இல் இங்கிலாந்தில் ஒரு காட்சியகத்தில் டைசன் என்று பெயர் வைத்த மாண்டிஸ் இறால் தொட்டிக் கண்ணாடியையே உடைத்துவிட்டது. அதைப் படித்துவிட்டு மூன்றடித் தொட்டி வாங்கி, மணலுக்கு அடியில் அக்ரிலிக் தகடும் போட்டேன். தோண்டிக்கொண்டே போய் அடிக்கண்ணாடியைத் தட்டும் பழக்கம் அதற்கு உண்டு. இன்றுவரை கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் படுத்தி எடுத்ததெல்லாம் தண்ணீரும் சூடும்தான்.

முதல் முட்டாள்தனம், ஜெராம் கடற்கரையிலிருந்து நாலு கேன் கடல்நீர் கொண்டுவந்தது. பார்த்தாலே தெரியும், சேற்றுத் தண்ணீர். உப்பு எவ்வளவு என்று காட்டும் ஒப்படர்த்தியை அளந்தால் 1.015-தான். இதற்கு வேண்டியது 1.025 பக்கம். கொட்டிவிட்டு, வடிகட்டிய நீரில் மீன்தொட்டி உப்பு கலந்தேன். அப்புறம் கழிவை முறிக்கும் பாக்டீரியா வளர்வதற்காக ஆறு வாரம் வெறும் தொட்டியை ஓடவிட்டேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை இறாலை விடக்கூடாது. “தண்ணியை வளர்க்கிறியா?” என்று பாட்டி கேட்டார். உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்தது சூடு. மதியத்தில் எங்கள் ஹாலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும். இதற்கு 24 முதல் 27 வரை நல்லது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மேலே சின்னக் காற்றாடி வைத்தேன், இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ஆனால் தினம் இரண்டு லிட்டர் ஆவியாகிவிடும். அதை உப்புத் தண்ணீராலேயே நிரப்பி வந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும் என்பது ஒரு வாரம் கழித்து 1.030 காட்டியபோதுதான் உறைத்தது. அன்றிலிருந்து நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். பிறகு தண்ணீரைக் குளிர வைக்கும் பழைய சில்லர் ஒன்று கிடைத்தது. இறாலுக்குக் கொடுத்தது 120 ரிங்கிட், சில்லருக்கு அதைப்போல ஐந்து மடங்கு. “பூரானுக்கு ஏர்கோன், எனக்குக் காற்றாடி” என்று பாட்டி இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

சாப்பாட்டு விஷயத்தில் இது சுலபம். பாசாரில் உயிரோடு விற்கும் கெராங் சிப்பி போதும். வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றாக. நன்றாகக் கழுவி, கொஞ்ச நேரம் உப்பு நீரில் வைத்துப் போடுவேன். முதலில் மீசையால் தடவிப் பார்க்கும், சிப்பியைத் திருப்பும், ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே அடிக்கும். சமையலறை வரை ‘டொக்... டொக்’ கேட்கும். கடல்நத்தை கிடைத்தால் அதன் வாய் விளிம்பையோ கூர்முனையையோ குறிவைக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழன்று நம்மையும் ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடு உள்ள இரையை விட்டுவிட்டு உரித்த இறாலையே கொடுத்துப் பழக்காதீர்கள். ஆரம்பத்தில் ஆசையாகத் தினமும் போட்டேன். மிச்சத்தை வளைக்குள் பதுக்கி வைத்து, அது அழுகி, அம்மோனியா ஏறி, பாதித் தண்ணீரை ராத்திரியோடு மாற்ற வேண்டியதாயிற்று. தோட்டத்து வாய்க்கால் நத்தையைப் பிடித்துப் போடுவதும் வேண்டாம். களைக்கொல்லி ஓடும் வாய்க்கால் அது. கூட வேறு மீன் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: விடலாம், தீனியாக.

நான்காவது மாதம் வளை வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் வெளியே வரவில்லை. பதிமூன்றாம் நாள் காலையில் மணலில் கைகால் கண்ணோடு முழுசாக ஒன்று கிடந்தது. செத்துவிட்டது என்று வலையை எடுக்கப் போனேன். தூக்கினால் எடையே இல்லை, வெறும் சட்டை. ஆள் உள்ளே புதுத் தோலோடு உட்கார்ந்திருந்தான். தோல் உரிக்கும்போது கல்லை நகர்த்தக்கூடாது, தீனியும் போடக்கூடாது. வந்த பிறகும் ஒரு வாரம் கை மெதுவாகத்தான் இருக்கும். அந்த வாரம் மட்டும் மிருதுவான சதை கொடுப்பேன்.

ஒன்றை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. டெங்கிக்காகத் தெருவில் புகையடிக்க வரும் நாட்கள். கொசுவைக் கொல்லும் மருந்து இறால் வகைக்கும் விஷம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடிவிடுவேன். புகை கலைந்ததும் உடனே பம்பைத் திரும்பப் போட வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீனுக்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்தும் அப்படித்தான், ஒரு சொட்டுகூட ஆகாது. கரண்டு போகும் ஊர் என்றால் பேட்டரிப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வெறும் கையை உள்ளே விடாதீர்கள், நீளமான இடுக்கிதான். முக்குளிப்பவர்கள் இதற்குக் ‘கட்டைவிரல் பிளப்பான்’ என்று பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை. விளக்கும் மங்கலாகவே இருக்கட்டும். வெளிச்சம் அதிகமானால் ஓட்டில் நோய் வருகிறது என்று வளர்ப்பவர்கள் எச்சரிப்பார்கள்.

இதை எழுதும்போது வாசல் மறுபடி அடைத்திருக்கிறது, ஒன்பதாவது நாள். போன வாரம் போட்ட நத்தை ஒன்று பயமில்லாமல் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பாட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு வளையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். கறிப் பேச்சு எடுத்துப் பல மாதமாகிறது.